கணக்குச் சிவப்பு

எங்கள் அலுவலகத்துக்கு இருபத்தைந்து வயதாகிவிட்டதாம். அதற்காக ஒரு மலர் போடுகிறார்கள். அச்சுக்குப் போவதற்கு முன் பிழை பார்த்துக் கொடுக்கச் சொல்லித் தாள்களை என் மேசையில் வைத்தார்கள். பார்த்தேன். சந்திப்பிழை பதினொன்று, எழுத்துப்பிழை ஏழு. பதினேழாம் பக்கத்தில் இருந்த பிழைக்குத்தான் என்னிடம் சிவப்பு மை போதவில்லை. ஒரு தொழிற்சாலையில் கிரேன் தாங்கியில் விழுந்திருந்த விரிசலை "எமது நுணுக்கமான கணினிக் கணக்கீட்டின் மூலம் முன்கூட்டியே கண்டறிந்து பல உயிர்களைக் காத்தோம்" என்று அதில் போட்டிருக்கிறது. பக்கத்திலேயே முதலாளி கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் படம்.

கண்டறிந்தோமாம், காத்தோமாம். யார் காத்தது? காத்தவளை அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்பியது யார்? அதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. படிக்கப் படிக்க எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. போதாக்குறைக்கு, "நீங்க பழைய ஆளு, ரெண்டு பக்கம் காலியா இருக்கு, ஏதாவது சுவாரசியமா எழுதிக் குடுங்க" என்று முதலாளியே கேட்டார். எழுதுகிறேன். அவர் போடமாட்டார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

கட்டடங்கள் எடையைத் தாங்குமா என்று கணக்குப் போட்டு அறிக்கை கொடுக்கும் எங்கள் அலுவலகத்தில் நான் வரைபடம் போடுகிறவன். எனக்குப் பக்கத்து மேசையில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தவளை நாங்கள் வலைக்காரி என்று கூப்பிடுவோம். மீனுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் வரைந்து கொடுக்கும் உத்தரம், தூண், தாங்கி எதுவானாலும் அதைக் கணினியில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து வலை பின்னுவது அவள் வேலை. "இன்னிக்கு என்ன மாட்டிச்சு?" என்று காலையில் யாராவது கேட்பார்கள். "நீங்கதான் மாட்டுனீங்க" என்று சொல்லிவிட்டு வேலையில் குனிந்துவிடுவாள்.

ஒரு இரும்புத் தாங்கியின் மேல் எடையை வைத்தால் அதற்குள் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்று ஒரே மூச்சில் கணக்குப் போட்டுவிட முடியாது. அதனால் அதைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை எப்படித் தள்ளுகிறது, எப்படி இழுக்கிறது என்று எழுதி, அந்தச் சமன்பாடுகளை எல்லாம் சேர்த்துக் கணினியிடம் கொடுத்துவிடுவார்கள். விடை வண்ணப் படமாக வரும். நீலம் என்றால் நிம்மதி, பச்சை என்றால் பரவாயில்லை, சிவப்பு என்றால் அங்கே அழுத்தம் அதிகம். இது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரிந்தது இன்னொன்று. படம் வந்துவிட்டது என்பதற்காக விடை வந்துவிட்டது என்று ஆகாது.

"கட்டத்தைப் பாதியாக்கிப் பாருங்கண்ணே. நம்பர் மாறுதா? திரும்பப் பாதியாக்குங்க. இனிமே மாறலைன்னாதான் அது விடை. அதுவரைக்கும் அது கம்ப்யூட்டரோட அபிப்பிராயம்" என்பாள்.

இந்தப் புத்தி அவளுக்கு வீட்டிலும் உண்டு. அவள் வீட்டுக்காரர் தையல் இயந்திரம் பழுது பார்ப்பவர், அதிகம் பேசாதவர். ஒருமுறை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவரே வாயைத் திறந்து சொன்னார்: "கல்யாணம் பேசறப்ப மூணு தடவை என் கடைக்கு வந்து பார்த்துட்டுப் போனா. மூணு தடவையும் நான் அதே ஆளாத்தான் இருந்தேன். அதுக்கப்புறம்தான் சம்மதிச்சா." அவள் மகள் சிரித்ததில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்துவிட்டது.

அவள் கணிதம் படித்தவள், பொறியியல் படித்தவள் அல்ல. அதனால் எங்கள் அறிக்கைகளில் கையெழுத்துப் போடும் உரிமை அவளுக்கு இல்லை. கணக்கு முழுவதும் அவளுடையது, கையெழுத்து முதலாளியுடையது. சின்னப் பொறியாளர்கள்கூட முதுகுக்குப் பின்னால் "கணக்கு டீச்சர்" என்பார்கள். அவளுக்குக் கொடுத்தது தாழ்ப்பாள் போன ஜன்னலுக்குப் பக்கத்து மேசை. கீழே டயர் கடை, நாள் முழுக்க சுத்தியல் சத்தம். ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் இருக்க அட்டையை மடித்துச் செருகி வைத்திருப்பாள். தாழ்ப்பாள் மாற்றச் சொல்லி நான்கு முறை எழுதிக் கொடுத்தாள். அவள் போன மறு வாரமே மாற்றினார்கள், அந்த இடத்துக்கு முதலாளியின் மருமகன் வந்துவிட்டானே!

இனி அந்த வார்த்தைக்கு வருகிறேன்.

அவள் சேர்ந்த மூன்றாம் வருடம். புதிதாக வந்த ஒரு பொறியாளன் ஒரு மாடி முகப்பின் இரும்புச் சட்டப் படத்தை எடுத்துக்கொண்டு முகம் வெளுத்து ஓடி வந்தான். உள்மூலை ஒன்றில் இரத்தச் சிவப்பு. கட்டத்தைப் பாதியாக்கினால் இன்னும் அதிகம், மறுபடி பாதியாக்கினால் இன்னும் அதிகம். அவனை உட்காரவைத்து அவள் பொறுமையாகச் சொன்னாள். "நீ அந்த மூலையைக் கத்தி மாதிரிக் கூரா வரைஞ்சிருக்க. கணக்குல அப்படி ஒரு மூலை இருந்தா விடை ஒரு இடத்துல நிக்கவே நிக்காது, அதே விகிதத்துல ஏறிக்கிட்டே போகும். நிஜத்துல எந்த மூலையும் அவ்வளவு கூரா இருக்காது, கொஞ்சம் வளைஞ்சுதான் இருக்கும். பயப்படாத. இது இரும்போட சிவப்பு இல்ல, கணக்குச் சிவப்பு."

சரியான பேச்சு, சரியான இடத்தில் சொன்ன பேச்சு. ஆனால் பின்னால் டீ டம்ளரோடு முதலாளி நின்றுகொண்டிருந்தார். "கணக்குச் சிவப்பு! ஆஹா" என்று அந்தச் சொல்லை அப்படியே அள்ளிக்கொண்டு போனார். அன்றிலிருந்து பிடித்தது சனி. எந்தப் படத்தில் எங்கே சிவப்பு வந்தாலும் அது கணக்குச் சிவப்புதான். வாடிக்கையாளர் கேட்டால் கணக்குச் சிவப்பு, பொறியாளன் சந்தேகப்பட்டால் கணக்குச் சிவப்பு. அவள் பொய்ச் சிவப்பை அடையாளம் காட்டக் கொடுத்த சொல்லை மெய்ச் சிவப்பைக் கூட்டித் தள்ளும் துடைப்பமாக்கிவிட்டார்கள். "இப்படிப் பொதுவா எடுத்துக்கக்கூடாது சார்" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

கிரேன் தாங்கி வேலை வந்தது அவளுடைய ஒன்பதாம் வருடத்தில். ஒரு தொழிற்சாலையில் தலைக்கு மேல் தண்டவாளத்தில் ஓடும் கிரேன். பத்து டன் தூக்கிக்கொண்டிருந்தது, இனி பதினைந்து தூக்க வேண்டும். தூண்களில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் தாங்கிகள் அதைத் தாங்குமா என்பது கேள்வி. தாங்கும் என்ற பதிலை முதலாளி ஏற்கெனவே தொலைபேசியில் சொல்லிவிட்டார். கணக்கு பிறகுதான்.

நேரில் போய் ஏணி வைத்து ஏறித் தாங்கிகளை அளந்தவன் நான். தாங்கியின் உள்மூலை கூராக இல்லை. ஆறு மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்து வெட்டியிருந்தார்கள். அளவுத் தகட்டை வைத்து, டார்ச் அடித்து, இரண்டு முறை பார்த்து ஆறு என்று குறித்தேன். வரைபடத்திலும் அப்படியே போட்டேன்.

அவள் வலை பின்னினாள். அந்த வளைவில் சிவப்பு வந்தது. அழுத்தத்தின் அளவு நூற்று எழுபத்தெட்டு. கட்டத்தைப் பாதியாக்கினாள், இருநூற்று ஐம்பத்தொன்று. மறுபடி பாதி, முந்நூற்றுப் பன்னிரண்டு. அந்த எஃகு தாங்கும் எல்லையே இருநூற்றைம்பது. படத்தை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள். வரைபடத்தோடு என்னையும் கூப்பிட்டார்கள்.

"ஏறிக்கிட்டே போகுது பார்த்தியா? நீ சொன்னதுதாம்மா. கணக்குச் சிவப்பு" என்றார் முதலாளி.

"இல்ல சார். அதுல ஒரே விகிதத்துல ஏறும். இதுல ஏறுற விகிதம் குறையுது. நான் இன்னும் மூணு தடவை பாதியாக்கிப் பார்த்துட்டேன். முந்நூத்து நாப்பத்து நாலு, முந்நூத்து அம்பத்து மூணு, முந்நூத்து அம்பத்தஞ்சு. நின்னுடுச்சு சார். இது நிஜம்."

"ஒரு புள்ளியில எல்லை தாண்டினா என்னம்மா? இரும்பு கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும். நீ இஞ்சினியரிங் படிக்கல, உனக்குத் தெரியாது."

"ஒரு தடவைன்னா வளைஞ்சு குடுக்கும் சார். இந்த கிரேன் நாளைக்கு நூறு தடவை போய்ட்டு வருது. வளைச்சு வளைச்சு நிமித்தினா கம்பி முறியாதா?"

முதலாளி கொஞ்சநேரம் பேனாவைத் திருகினார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த மூலை உண்மையிலயே வளைவுதானா? கூரா இருந்தா இந்தப் பேச்சே இல்லையே" என்றார்.

அவளும் என்னைப் பார்த்தாள். "நீங்கதானே அளந்தீங்க, சொல்லுங்கண்ணே."

ஆறு என்று சொல்ல ஒரு நொடி போதும். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "வரைபடத்துல ஆறுன்னு போட்டிருக்கேன் சார். ஆனா அங்க வெளிச்சம் சரியில்ல. உறுதியாச் சொல்ல முடியாது."

வெளிச்சம் சரியில்லையாம்! டார்ச் என்ன, அடுப்பு ஊதவா கொண்டுபோனேன்? என் மகனுக்கு அந்த மாதம்தான் அலுவலகத்தில் பயிற்சி இடம் கேட்டிருந்தேன். நன்றாகத் தலையாட்டினேன். முதலாளியைத் திட்டி இவ்வளவு எழுதுகிறேனே, அவரைவிட என்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

அதற்குப் பிறகு நடந்ததும் என் கையால்தான் நடந்தது. வண்ணப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு அளவுப் பட்டை இருக்கும். எந்த எண்ணில் சிவப்பு தொடங்க வேண்டும் என்பதை அதில் நாமே மாற்றலாம். முதலாளி சொன்னபடி அந்த எண்ணை அறுநூறு ஆக்கினேன். அவ்வளவுதான், தாங்கி முழுக்கப் பச்சைப்பசேல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சோறாவது நிறைய வேண்டும். எனக்கு ஒரு எண்தான் வேண்டியிருந்தது. அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பும் போட்டோம்: 'உள்மூலையில் தோன்றும் மிகை மதிப்பு கணக்குச் சிவப்பு மட்டுமே; பொருட்படுத்தத் தேவையில்லை.' முதலாளி கையெழுத்துப் போட்டார். கிரேன் பதினைந்து டன் தூக்க ஆரம்பித்தது.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போய் நடந்ததை எல்லாம் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்காரர் ஊசிக் கம்பியைத் துடைத்துக்கொண்டே கேட்டு முடித்து, ஒன்றே ஒன்று கேட்டாராம்: "அந்த கிரேனுக்குக் கீழ எத்தனை பேரு வேலை செய்றாங்க?"

 மறுநாள் அவள் என்னிடம் வந்து, "நாப்பதாயிரம் கட்டம் எண்ணினேண்ணே, கீழ எத்தனை பேருன்னு எண்ணல" என்றாள். நான் பதினொன்று என்றேன். அளக்கப் போனபோது பார்த்திருந்தேன். அதற்கு மட்டும் வெளிச்சம் போதுமானதாக இருந்திருக்கிறது. அன்றிலிருந்து அவள் என்னிடம் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. முதலாளிக்கு எழுத்தில் இரண்டு கடிதம் கொடுத்தாள். இரண்டும் அவர் இழுப்பறைக்குள் போயின.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் அந்தத் தொழிற்சாலை மெக்கானிக் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். எடுத்தது அவள்.

"உங்க ரிப்போர்ட்டுல ஒரு வார்த்தை போட்டிருக்கீங்கம்மா. கணக்குச் சிவப்பு. அப்படின்னா என்ன?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"ஒரு தாங்கியோட மூலையில பெயின்ட் வெடிச்சிருக்கு. மயிரிழை மாதிரி. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

அவள் பையை எடுத்து மாட்டிக்கொண்டு என் மேசை முன்னால் வந்து நின்றாள். "நான் போறேன். நீங்க அளந்த மூலை. வர்றீங்களா, இல்ல இங்கயும் வெளிச்சம் பத்தலையா?" என்றாள். மறுபேச்சுப் பேசாமல் எழுந்து போனேன்.

மெக்கானிக் ஐம்பதைத் தாண்டிய ஆள், நெற்றியில் எண்ணெய்க் கறை. மதியச் சாப்பாட்டு இடைவேளை, கிரேன் நின்றிருந்தது. மூன்று பேரும் ஏணியில் ஏறி மேடைக்குப் போனோம். மூலையில் பெயின்டைச் சுரண்டிக்கொண்டே அவர் பொரிந்து தள்ளினார்.

"மூணு தடவை எழுதிக் குடுத்தேம்மா. மூணு தடவையும் மேனேஜர் இந்த ஒன்பதாம் பக்கத்தைத்தான் மூஞ்சிக்கு நேரா நீட்டுனாரு. படிச்சவங்க எழுதியிருக்காங்க, நீ பெரிய மேதாவியான்னு கேட்டாரு. முப்பது வருஷம் இரும்போட கிடக்கிறவன் நான். எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்ச வார்த்தைம்மா இது? அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..."

"நான்தான்" என்றாள் அவள்.

அந்தச் சொல்லை எதற்காகச் சொன்னாள், அதை யார் எப்படி வளைத்தார்கள் என்று அவள் விளக்கியிருக்கலாம். என்னைக் கைகாட்டியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. மெக்கானிக் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சாய டப்பாவை எடுத்தார். விரிசல் பார்க்கச் சிவப்புச் சாயத்தைப் பீய்ச்சி, ஊறவிட்டு, துடைத்துவிட்டு மேலே வெள்ளைப் பூச்சு அடிப்பார்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் வெள்ளையில் கசிந்து வெளியே வரும். பத்து நிமிடம் காத்திருந்தோம். வெள்ளையின் நடுவில், நான் ஆறு என்று அளந்த வளைவின்மேல், ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்புக் கோடு எழும்பி வந்தது.

மெக்கானிக் கீழே இறங்கி மெயின் சுவிட்சை அணைத்து, தன் பூட்டை மாட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். சங்கு ஊதியதும் ஆட்கள் திரும்பி வந்தார்கள். கிரேன் ஓடாததைப் பார்த்து மேனேஜர் வந்தார், கையில் அறிக்கை.

"உங்க ஆபீஸே நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கு. இப்ப நீங்களே வந்து நிறுத்தறீங்க. இதுல உங்க கையெழுத்து எங்க இருக்கு?"

"இல்ல சார். எனக்கு அந்த உரிமை கிடையாது."

"அப்ப எந்த உரிமையில பேசறீங்க?"

"கணக்குப் போட்டது நான் சார்."

அவர் எங்கள் முதலாளியைக் கைபேசியில் கூப்பிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். முதலாளியின் குரல் தெளிவாக வந்தது. "அவங்க இன்னையிலேருந்து எங்க ஆபீஸ் ஆளே இல்ல சார். அது மேல் பூச்சுல விழுந்த கோடா இருக்கும். ரிப்போர்ட் ரிப்போர்ட்தான். நீங்க தாராளமா ஓட்டுங்க." விரிசலைப் பற்றிப் பிறகு வேறொரு அலுவலகம் எழுதிக் கொடுத்து, அந்தத் தாங்கியையே வெட்டி எடுத்து மாற்றிய பிறகுதான் இதே வாய் 'காத்தோம்' என்று மாறியது.

மேனேஜர் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு, "பூட்டைத் திற" என்றார். மெக்கானிக் அசையவில்லை. "திறக்கறியா, வேலையை விட்டுப் போறியா?" என்றார் மறுபடி. மெக்கானிக்கின் கை பைக்குள் போனது. அவருக்கும் வீடு, பிள்ளைகள் இருக்கும். பதினொரு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வலைக்காரி நடந்தாள். கிரேன் ஓடும்போது யாரும் நிற்கக்கூடாது என்று தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். அதைத் தாண்டிப் போய், விரிசல் விட்ட தாங்கிக்கு நேர் கீழே நின்று திரும்பினாள்.  

"என் கையெழுத்து செல்லாது. அவரு கையெழுத்து செல்லும். சரி சார், அதை நம்பறீங்கல்ல? வாங்க. என் பக்கத்துல வந்து நில்லுங்க. நின்னுட்டு ஓட்டச் சொல்லுங்க."

மேனேஜர் அறிக்கையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். தன் காலணி நுனியைப் பார்த்தார், மஞ்சள் கோட்டைப் பார்த்தார். ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. மெக்கானிக் பையிலிருந்து கையை வெறுமனே வெளியே எடுத்தார்.

அப்புறம் அவள் என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க? ரிப்போர்ட்டைப் பச்சையாக்கினது நீங்கதானே. நீங்களாவது வாங்க."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன், கோட்டுக்கு வெளியே, மேனேஜருக்குப் பக்கத்தில்.